இடது இறக்கையின் பழந்துணி

— முடியாது பாக் கர்னல். இன்னும் எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான். அந்தத் துணி மேல நான் பிரஷ் வைக்க மாட்டேன்.

— மந்திரி வண்டி சோலோ ரோட்டுல வந்துட்டிருக்கு வெனிங். இப்பப் போயி அடம் பிடிக்கிறியே. அப்படி என்ன பெரிய வேலை கேட்டுட்டேன்? ஒரு வட்டம். அதுல கீழ்ப்பாதிக்கு வெள்ளை. வலது இறக்கையில போட்டிருக்கே. மேல் இறக்கை ரெண்டுலயும் போட்டிருக்கே. இடது கீழ் இறக்கையில மட்டும் போட்டா உன் கை அழுகிடுமா?

— அதெல்லாம் புதுத் துணி பாக். நானே இழுத்துக் கட்டி, நானே சாயம் ஏத்தி, நானே காய வெச்சது. அதுல யானை வரையச் சொன்னாக்கூட வரைவேன். இது அந்தக் காலத்துத் துணி. ஒரு பாய் அகலம் இருக்கும். இந்த விமானத்துல மிஞ்சின பழைய துணி இது ஒண்ணுதான். மீதியெல்லாம் கரையான் தின்னு தீர்த்துடுச்சு.

— தெரியும். அந்த இறக்கையை வோனோசாரியில கெர்த்தோ வீட்டு அடுப்படிக் கூரையிலருந்து இறக்கினப்போ ஒரு முனையைத் தூக்கிப் பிடிச்சவன் நான்.

— அப்போ உங்களுக்கே தெரியணும். அடுப்புப் புகைதான் அதைக் காப்பாத்துச்சு. அடியில ஜப்பான்காரன் பூசின ஆரஞ்சு. அது மேல அவன் போட்ட சிவப்பு வட்டம். அவன் தோத்துப் போயி விமானத்தை விட்டுட்டுப் போனதும் நம்ம பசங்க அந்த வட்டத்துல கீழ்ப்பாதியை வெள்ளையாக்கி நம்ம கொடி ஆக்கிட்டாங்க. ஒரு டப்பா வெள்ளையில ஒரு நாட்டோட விமானப்படை! அதை நினைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்குது.

— எனக்கும்தான். சிவப்பு, வெள்ளை. அதோட நிறுத்திக்கோ.

— நான் நிறுத்திக்கலாம் பாக். துணி நிறுத்தலையே. வெள்ளையோட அடிப்பாதி மேல நீலம் பூசியிருக்கு.

— மெதுவாப் பேசு.

— சிவப்பு, வெள்ளை, அடியில ஒரு பட்டை நீலம். அது யாரு கொடின்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். சுராபாயாவுல டச்சுக் கொடியில நீலத்தைக் கிழிச்சு எறிஞ்சு நம்ம கொடி ஆக்கினோம்னு வருஷா வருஷம் நாடகம் போடறோமே. இது அதுக்கு நேர் தலைகீழ். நம்ம கொடிக்கு அடியில அவன் நீலத்தை ஒட்ட வெச்சிருக்கான்.

— மெதுவாப் பேசுன்னு சொன்னேன்! வெளியில பந்தல்ல ஆளுங்க உக்காந்திருக்காங்க. முன் வரிசையில யாரு உக்காந்திருக்கா தெரியுமா? கெர்த்தோவோட பொண்ணு சுமினி. மங்குனோட பேரன், குடும்பத்தோட வந்திருக்கான்.

— தெரியும். வரும்போதே சுமினி அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'எங்கப்பா வண்டியில ஏத்தின இறக்கையை நீதான் மறுபடி பறக்க வெக்கிறே'ன்னாங்க.

— அப்போ பூசு.

— அவங்களுக்கு உண்மையைச் சொல்லிடலாம் பாக்.

— எந்த உண்மையை? எங்கப்பா, கெர்த்தோ, மங்குன் மூணு பேருக்கு மட்டுமே தெரிஞ்ச இடத்துல ஒளிச்சு வெச்ச இறக்கை, எதிரி கைக்குப் போயி, அவன் பெயின்ட் பூசுற அளவுக்குப் போயிருக்குன்னா, யாரோ ஒருத்தர் வாயைத் திறந்திருக்கணும்கிறதையா?

— அது உங்கப்பாதான்னு நான் சொல்லலையே.

— நீ சொல்ல வேண்டாம். கணக்கு சொல்லுது. இந்த மகுவோ விமானத்தளத்துல டச்சுக்காரன் பாராசூட்டுல வந்து குதிச்ச அன்னிக்கு எங்கப்பா, கெர்த்தோ, மங்குன் மூணு பேரும் இறக்கையைக் கழட்டி வைக்கோலுக்கு அடியில போட்டு மாட்டு வண்டியில கொண்டு போனாங்க. முதல்ல பிடிபட்டது எங்கப்பா. ரெண்டு நாள் கழிச்சு வண்டிக்காரங்க ரெண்டு பேரையும் அவங்க வீட்டு வாசல்லயே சுட்டான். அதுக்கு அப்புறம்தான் எங்கப்பாவைச் சுட்டான். இந்த வரிசையை நீயே வெச்சுப் பாரு. யாரு பேசியிருக்க முடியும்? ஊருல என்ன சொல்றாங்க? எங்கப்பா சார்ஜென்ட் விர்யோ ஒரு சொல்லும் சொல்லாம செத்தாரு. வண்டிக்காரங்களை வேற எவனோ காட்டிக் குடுத்தான். இறக்கை கடைசி வரைக்கும் எதிரி கைக்குப் போகவேயில்லை. ஸ்கூலுக்கு அவர் பேரு. இன்னிக்குத் திறக்கப் போற கல்லுல என்ன வெட்டியிருக்கு தெரியும்ல?

— 'ஒரு சொல்லும் சொல்லாதவர்.'

— அந்தக் கல்லுக்கு முன்னாடி இந்த இறக்கை நிக்கப் போகுது. நீலத்தோட.

— டீ! டீ! கல்கண்டு போட்ட டீ! தள்ளுங்க தள்ளுங்க, தட்டு சுடுது. பாக் கர்னல், உங்களுக்குச் சர்க்கரை கம்மி. அக்காவுக்கு சோயா தெம்பே வறுவல். சும்மா சொல்லக் கூடாது, பந்தல் கல்யாண வீடு மாதிரி இருக்கு. ஆனா மந்திரிக்குப் போட்ட நாற்காலியில ஒரு பூனை ஏறிப் படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. விரட்டினா முறைக்குது. அதுக்கும் ஏதாச்சும் இலாகா குடுத்திருப்பாங்களோ என்னவோ.

— வெச்சுட்டுப் போ பர்ஜோ.

— போறேன் போறேன். அக்கா, ஒரே ஒரு விஷயம். சாமான் அறையில உப்புத்தாள் கட்டு ஒண்ணைக் காணோம். மெல்லிசு ரகம். நேத்து நீங்க சோலோவுல இருந்தீங்க. அப்புறம் நீங்க வந்து 'பர்ஜோ, நீதான் எடுத்து வித்துட்டே'ன்னு என் தலையில கட்டக் கூடாது பாருங்க. அதான் இப்பவே சொல்லிடறேன்.

— உப்புத்தாளா? யாரு எடுத்தா?

— எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் பாக் கர்னல் வந்து சாவியை வாங்கிக்கிட்டு, 'நீ வீட்டுக்குப் போயி பொண்டாட்டி கையால சாப்பிடு பர்ஜோ'ன்னாரு. இருபது வருஷத்துல அவரு என் சாப்பாட்டைப் பத்திக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

— பர்ஜோ! வெளியில போயி கேட் பக்கம் நில்லு. வண்டி வந்தா ஓடி வந்து சொல்லு.

— இதோ. டீ ஆறிடும், குடிச்சிடுங்க.

— பாக்.

— முதல்ல டீயைக் குடி.

— அந்த இறக்கை மேல ஏன் போர்வை கிடக்கு? நான் போகும்போது போர்த்திட்டுப் போகலையே.

— தூசி படும்னு நான்தான் போட்டேன்.

— எடுங்க.

— வெனிங், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு.

— நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா? நகருங்க பாக். நகருங்கன்னு சொல்றேன்ல!

— சரி. பாத்துக்கோ.

— ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க! நீலம் எங்க? அடியில இருந்த வெள்ளை எங்க? நூல் தெரியுது பாக், வெறும் நூல்! மேல்பாதிச் சிவப்பு மட்டும் தொங்குது. கீழ்ப்பாதியில ஒண்ணுமே இல்லை. அறுபது வருஷம். புகையில கிடந்து, மழையில கிடந்து, எலி கடிச்சு, அப்படியும் பிழைச்சுக் கிடந்த துணி. ஒரே சாயங்காலத்துல!

— ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. நீலம் சீக்கிரம் விடலை.

— பேசாதீங்க! நீங்க பேசாதீங்க. மந்திரி ஆபீஸ்ல இருந்து வந்தவன் 'பச்சை அடிங்க, அப்பதான் போட்டோவுல போர் விமானம் மாதிரி மிரட்டலா இருக்கும்'னு சொன்னப்போ எனக்காக நின்னது யாரு? நீங்க! 'இது பயிற்சி விமானம் தம்பி. தூரத்துலருந்தே ஆரஞ்சுப் பழம் மாதிரி தெரியணும். புதுசா ஓட்டக் கத்துக்கிறவன் வர்றான், எல்லாரும் ஒதுங்குங்கன்னு சொல்ற நிறம் அது'ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. உண்மையான நிறம், உண்மையான நிறம்னு ஊரெல்லாம் பேசிட்டு, நீங்களே இப்படி.

— கமிட்டித் தீர்மானத்துல என்ன இருக்கு? 'பயிற்சிப் பள்ளி நடந்த நாளில் இருந்த நிறம்.' பள்ளி நடந்தது நாப்பத்தேழுல. நீலம் அதுக்கு அப்புறம் வந்தது. உன் சட்டப்படியே நீலம் தப்பு நிறம்.

— வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க.

— படிக்க வைக்க அப்பா இல்லை.

— அதைச் சொல்லி என் வாயை அடைக்காதீங்க.

— அடைக்கலை. நீ என்னைத் திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா திட்டிக்கிட்டே அந்தப் பாதியை வெள்ளை அடிச்சுக் குடு. எனக்கு விமானம் ஓட்டத் தெரியும், ஓட்டச் சொல்லிக் குடுக்கத் தெரியும். பெயின்ட் அடிக்கத் தெரியாது. நான் அடிச்சா திட்டுத்திட்டா நிக்கும், கண்ணுள்ளவன் எவனும் கண்டுபிடிச்சிடுவான். தேய்ச்சது என் கை. மூட உன் கைதான் வேணும்.

— அதுக்குத்தானா காலையில இருந்து 'பூசு பூசு'ன்னு உயிரை எடுத்தீங்க? நான் நீலத்து மேல பூசச் சொல்றீங்கன்னு நினைச்சு கொள்கை பேசிட்டிருந்தேன். எனக்குப் பூசறதுக்குக்கூட ஒண்ணும் மிச்சம் வெக்கலை நீங்க.

— என்னால முடியலை வெனிங்.

— என்ன முடியலை?

— நீ போன வாரம் வந்து நீலம் இருக்குன்னு என் காதுல மட்டும் சொன்னே பாரு. அன்னிலேருந்து என்னால சோறு முழுங்க முடியலை. சுமினி வருஷா வருஷம் நோன்புப் பெருநாளுக்கு எங்க வீட்டுக்கு வருவா. என்னைவிடப் பெரியவ. ஆனா அவதான் குனிஞ்சு என் கையைப் பிடிச்சு நெத்தியில வெச்சுக்குவா. 'உங்கப்பா எங்கப்பா பேரைச் சொல்லலை தம்பி'ம்பா. சின்ன வயசுலேருந்து கேட்டுட்டிருக்கேன். அந்த ஒரு வாக்கியத்துலதான் நான் வளர்ந்தேன். அப்பா முகம் எனக்குத் தெரியாது. நான் அப்போ தவழற குழந்தை. முகத்துக்குப் பதிலா எனக்கு இருந்தது அந்த வாக்கியம்தான். இப்போ அவர்தான் சொன்னாருன்னா? சுமினியோட அப்பா செத்தது எங்கப்பா வாயாலன்னா? அவ என் கையை நெத்தியில வெச்சுக்கிட்ட அத்தனை தடவையும் நான் யாரு கையை நீட்டினேன்?

— அடிச்சா யாரா இருந்தாலும் பேசுவாங்க பாக். அவரும் ரத்தமும் சதையும்தானே. அதை அவமானம்னு ஏன் நினைக்கிறீங்க?

— உனக்குச் சொல்றது சுலபம். கல்லுல பேரு ஏறினவனுக்குச் சதை கிடையாது.

— கல்லை மாத்தலாம். துணியை மாத்த முடியாது. இப்போ பாருங்க, துணியை மாத்திட்டு கல்லைக் காப்பாத்திட்டீங்க.

— பாக் கர்னல்! பாக் கர்னல்! பிரம்பனான் முனையைத் தாண்டிட்டாங்களாம்! போலீஸ் மோட்டார் சைக்கிள் முன்னாடி வருதாம்! பூனையைப் பிடிச்சுச் சமையல்கட்டுல அடைச்சாச்சு, அது என்னைப் பிறாண்டி... யா அல்லா. அக்கா, இது என்ன? வட்டத்துல பாதியைக் காணோம்!

— பர்ஜோ, இங்க நீ ஒண்ணும் பாக்கலை.

— பாக்கலை பாக். முழுப் பூசணிக்காயே இருந்தாலும் எனக்குச் சோறு மட்டும்தான் தெரியும். ஆனா பந்தல்ல இருக்கிற ஐந்நூறு பேருக்கும் சோறு மட்டும் தெரியாதே.

— வெளியில போ.

— வண்டி வர்றவரைக்கும் அந்தப் பாட்டுக்காரப் பொண்ணுங்களை இன்னொரு பாட்டு பாடச் சொல்லட்டுமா? மூணாவது பாட்டுல ஒருத்திக்குச் சுருதி விலகுது. ஆனா ஜனங்க பொறுத்துக்குவாங்க.

— சொல்லு. ரெண்டு பாட்டாவே பாடச் சொல்லு. போ!

— என்ன வெனிங் பண்றே? ஏன் பெட்டியைத் திறக்கிறே? கிளம்பறியா?

— வெள்ளை கலக்குறேன். அப்படிப் பாக்காதீங்க. உங்களுக்காக இல்லை. நூலு வெறுமையா நிக்குது, சாயம் ஏறலைன்னா நாளைக்கே கிழியும். அப்புறம், சுமினி அம்மா. எழுபது வயசுல அவங்க இன்னிக்கு இந்தப் பாதி வட்டத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி என்னத்தை யோசிப்பாங்க? அவங்களுக்கு யாராவது சொல்லணும்னா அது நீங்க. உக்காந்து, கையைப் பிடிச்சுச் சொல்லணும். பந்தல்ல மைக் முன்னாடி இல்லை. அந்த மூடியைப் பிடிங்க. ஆட்டாதீங்க.

— நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்.

— அது உங்க பாடு. மந்திரி போனப்புறம் கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டு இந்த வேலையை விட்டுப் போயிடுவேன். ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டு இன்னொண்ணை மூடி மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. இந்த முனையைத் தூக்கிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம்.

— உன் போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— விடாம அடிக்குது. யாருன்னு பாரு. ஒருவேளை கமிட்டியா இருக்கும்.

— யுனிவர்சிட்டி லேப். நகக்கண் அளவு ஒரு துணுக்கை அனுப்பி வெச்சிருந்தேன். ஹலோ, ரத்ரி? சொல்லுடி. இல்லை, இப்போ நேரமில்லை, வேலையில இருக்கேன், சுருக்கமா சொல்லு. ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை, நீலம், ஆமா, அதெல்லாம் நானே பாத்ததுதான். நீலத்துக்கு மேலயா? அது சுண்ணாம்புடி. அடுப்படிச் சுவருக்கு அடிச்சது சொட்டியிருக்கும், அதுக்கு மேல புகை. அதை விடு. என்ன? விட முடியாதா? ஏன்? திருப்பிச் சொல்லு. எது ஈரம்?

— என்ன சொல்றா?

— இருங்க பாக். ரத்ரி, நல்லாப் பாத்தியா? ரெண்டும் கலந்திருக்கா? எவ்வளவு தூரம்? காய்ஞ்சப்புறம் பூசினா அப்படிக் கலக்காது இல்லையா. இல்லை, தெரியும், தெரியும், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். பிரஷ் தடம்? ஒண்ணுகூட இல்லையா? வெக்கிறேன். அப்புறம் கூப்பிடறேன். ரத்ரி, அந்தத் துணுக்கைப் பத்திரமா வெய்யி. கேட்டியா? பூட்டி வெய்யி. இனிமே அது ஒண்ணுதான் இருக்கு.

— வெனிங், என்ன?

— பிரஷ்ஷைக் கீழ வைக்கிறேன். ஒரு நிமிஷம்.

— வண்டி வந்துடும்!

— வரட்டும். கேளுங்க பாக். நீலத்துக்கு மேல ஒரு சுண்ணாம்பு இருந்துச்சு. நான் அதை அடுப்படி அழுக்குன்னு நினைச்சு ஒதுக்கிட்டேன். என் தப்பு. அந்தச் சுண்ணாம்பு ஏறினப்போ நீலம் இன்னும் காயலை. ஈரத்துலயே ஏறியிருக்கு. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கிக் கலந்திருக்கு.

— அதனால?

— அதனால அது கெர்த்தோ வீட்டு அடுப்படியில விழுந்தது இல்லை. டச்சுக்காரன் ஊரை விட்டுப் போனப்புறம்தான் யாரோ இறக்கையை அங்க திருப்பிக் கொண்டு போயிருக்கணும். டச்சுக்காரன் நீலம் அடிச்சுட்டு பிரஷ்ஷைக் கழுவப் போயிருப்பான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள யாரோ ஒருத்தர் அது மேல வெள்ளையைப் போட்டிருக்காங்க. அதே நாள். அதே இடம். இங்க, மகுவோவுல, அவன் காவலுக்கு நடுவுல.

— யாரோ ஒருத்தரா?

— நீலத்தை அழிச்சுத் திருப்பி நம்ம கொடி ஆக்கியிருக்காங்க. கையில பெயின்ட் இல்லை, சுண்ணாம்புதான் இருந்திருக்கு. அவன் ராணுவ முகாம்ல எவனுக்குச் சுண்ணாம்பு கிடைக்கும்? உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— யாருக்கு?

— கைதிகளுக்கு. ஓடுபாதை ஓரத்துல இருக்கிற கல்லுக்கெல்லாம் கைதிகளை வெச்சுத்தான் சுண்ணாம்பு அடிச்சான். ஆளுக்கு ஒரு வாளி, ஒரு தென்னமட்டை. ஓடுபாதை ஓரத்துலதான் அவரைச் சுட்டான்.

— பாக், உக்காருங்க. இந்தப் பெட்டி மேல உக்காருங்க.

— அம்மா சொல்லுவா. குளிப்பாட்ட உடம்பைக் குடுத்தப்போ வலது கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் வெந்து வெள்ளையா இருந்துச்சாம். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பாம். எத்தனை கழுவியும் போகலையாம். 'கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்ச கைடா'ன்னு சொல்லிச் சொல்லி அழுவா. நானும் அப்படித்தான் நினைச்சேன். கல்லுக்கு அடிக்கத்தான் மட்டை இருந்துச்சே வெனிங். கையை எதுக்கு வாளிக்குள்ள விடணும்?

— மட்டையால தேய்ச்சா சத்தம் கேக்கும். வெறும் கைன்னா கேக்காது.

— அப்போ, அவரு பேசினாரா பேசலையா?

— தெரியாது பாக். அதைத் துணி சொல்லாது. பேசியிருக்கலாம். வண்டிக்காரங்க செத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கலாம். அதுக்கு அப்புறமும் அந்த நீலத்தைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலை அவரால. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவரைச் சுட்டது வாயைத் திறக்காததுக்காக இல்லை. இந்த வெள்ளைக்காகத்தான் இருக்கணும்.

— பாக் கர்னல்! அக்கா! கேட்டுக்குள்ள வந்துட்டாங்க! மந்திரி இறங்கிட்டாரு, சுமினி அம்மாவை எழுப்பி முன்னாடி நிக்க வெச்சிருக்காங்க, அவங்கதான் திரையை இழுக்கணுமாம்! பாட்டு முடிஞ்சு போச்சு, திரும்ப முதல்லேருந்து பாடிட்டிருக்காங்க! பாக், ஏன் கீழ உக்காந்துட்டீங்க?

— ரெண்டு நிமிஷம் பர்ஜோ. கதவைச் சாத்திட்டு வெளியிலேயே நில்லு. மந்திரி வந்தாலும் விடாதே.

— மந்திரியை நான் எப்படி அக்கா... சரி. சாத்தறேன்.

— பாக், என்னைப் பாருங்க. யோசிச்சுச் சொல்லுங்க, இது முக்கியம். நேத்து நீங்க தேய்ச்சப்போ முதல்ல வந்தது அந்தச் சுண்ணாம்பாத்தான் இருக்கும். அது எப்படி இருந்துச்சு? சொட்டுச் சொட்டாவா? ஒரே பூச்சாவா?

— கோடு கோடா.

— எந்த மாதிரிக் கோடு?

— பக்கத்துப் பக்கத்துல நாலு. இடமிருந்து வலமா, நீலப் பட்டை முழுக்க. திரும்பத் திரும்ப அதே நாலு. ஏதோ துடைப்பம் பட்ட தடம்னு நினைச்சேன்.

— பாக்...

— உப்புத்தாள் அதுல ஓடவே இல்லை, வெனிங். அதனால தாளைக் கீழ போட்டுட்டு, ஈரத்துணியைச் சுத்தி அந்தக் கோட்டுலயே என் விரலை வெச்சு அழுத்தித் தேய்ச்சேன். நாலு விரலும் அளவெடுத்த மாதிரி பொருந்துச்சு.